விண்டோஸ் எக்ஸ்பியை எடைக்குப் போடலாமா?



நம்ம பள்ளிக்குப் புது கம்ப்யூட்டர் வரப்போவுது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா போன வாரம் ஒரு பேச்சு காதுல விழுந்தது. "புதுசு வந்ததும் அந்தப் பழைய எக்ஸ்பி பெட்டியை எடைக்குப் போட்டுருவோம், இடமாவது மிஞ்சும்" என்று பெரியவங்க பேசிக்கிட்டாங்க. பக்கத்துல நின்ன பசங்க, "ஆமா டீச்சர், அது சரியான டப்பா" என்று சிரிச்சாங்க. நான் அப்போ ஒண்ணும் பேசல. ராத்திரி படுத்த பிறகுதான் பேசியிருக்கணும்னு தோணிச்சு. அதனால்தான் இந்தத் தாள். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. தப்பு இருந்தா மன்னிக்கவும்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக, எக்ஸ்பி என்றால் என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். கம்ப்யூட்டருக்குள்ள கீபோர்டு, மானிட்டர், ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் என்று பல ஆளுங்க. தேயிலைக் காட்டுல யாரு எந்தப் பத்திக்குப் போகணும்னு கங்காணி பிரிச்சு அனுப்புவாங்கல்லா, அது மாதிரி இவங்க எல்லாரையும் வேலை வாங்குற மென்பொருளுக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம்னு பேர். தமிழில் இயக்குதளம். விண்டோஸ் எக்ஸ்பி என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001 அக்டோபர் 25 அன்று வெளியிட்ட இயக்குதளம். அதுக்கு முன்னாடி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 95, 98 என்று ஒரு வகை, ஆபீசுக்கு என்.டி., 2000 என்று இன்னொரு வகை. அடிக்கடி நின்னுபோகாத அந்த ஆபீஸ் வகையை வீட்டுக்கும் கொண்டுவந்தது எக்ஸ்பிதான். 64 எம்.பி. மெமரி இருந்தாலே அது ஓடும். நம்ம பெட்டியில 256 எம்.பி. இருக்கு. இப்போதைய விண்டோஸ் 11-க்குக் குறைஞ்சது 4 ஜி.பி. வேணும். கணக்குப் போட்டுப் பாருங்க, எக்ஸ்பி கேட்டதைப் போல 64 மடங்கு!

அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா வரும் படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பச்சை மேடு, நீல வானம், வெள்ளை மேகம். நான் ஆறாம் வகுப்புல முதன்முதலா பார்த்தப்போ, பக்கத்துல இருந்தவ, "ஏட்டி, இது நம்ம குதிரைவெட்டி மேடுல்லா?" என்றாள். நானும் நம்பிட்டேன். அது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் சோனோமா என்ற இடம். சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996 ஜனவரியில் கார்ல போகும்போது இறங்கி எடுத்தது. அந்த மேடு முன்னாடி திராட்சைத் தோட்டமாம். வேரில் பூச்சி விழுந்ததால செடிகளைப் பிடுங்கிட்டாங்க. அதனாலதான் அந்த வருஷம் வெறும் புல்லா பச்சைப் பசேல்னு இருந்திருக்கு. அதுவும் ஒரு காலத்துத் தோட்டம்தான் என்று தெரிஞ்சப்போ எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எக்ஸ்பியை ஏன் "முடிஞ்சுபோச்சு" என்று சொல்றாங்க? 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோட அதுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. மென்பொருள்ல ஓட்டை இருந்தா கம்பெனிதான் அதை அடைக்கணும். அந்த அடைப்புக்குப் பேர் பேட்ச். கிழிஞ்ச குடைக்கு ஒட்டுப் போடுற மாதிரி. 2014-க்குப் பிறகு எக்ஸ்பி குடைக்கு ஒட்டுப் போட ஆள் இல்லை. அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரியே உலகத்துல உள்ள எக்ஸ்பி கம்ப்யூட்டர் எல்லாம் அணைஞ்சு போகல. நம்மளுது இன்னிக்கும் ஓடுது.

இது மத்தவங்களை விட நமக்கு நல்லா புரியணும். சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை நம்ம மலை. குத்தகை முடியுறது 2028-ல். ஆனா 2024 ஜூன்லயே தோட்ட வேலை நின்னுடுச்சு. எங்கேயோ ஒரு தாள்ல ஒரு தேதி போட்டாங்க. அந்தத் தேதியோட எங்க ஆச்சிக்குக் கவாத்து வெட்டத் தெரியாம போயிடல. கை இன்னும் அதே கைதான். அதனால யாராவது ஒரு பொருளை "இதுக்குத் தேதி முடிஞ்சுபோச்சு" என்று சொன்னா, "சரி, ஆனா இதால இன்னும் என்ன ஆகும்?" என்று நாம ஒரு கேள்வி கேட்கணும். அதுதான் என் கருத்து.

அதுக்காக எக்ஸ்பியை இன்டர்நெட்ல போட்டு ஓட்டலாம்னு நான் சொல்லவே இல்லை. அது தப்பு. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்று ஒரு வைரஸ் கிளம்பிச்சு. சுமார் 150 நாடுகள்ல 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள்ல புகுந்து, ஃபைல்களைப் பூட்டி வச்சுக்கிட்டு, பணம் கொடுத்தாதான் திறப்பேன்னு மிரட்டிச்சு. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தடுமாறிப் போச்சு. ஆதரவை நிறுத்தி 3 வருஷம் ஆன பிறகும், அப்போ எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது. நம்ம நாட்டுலயும் எக்ஸ்பியில ஓடின ஏ.டி.எம். மெஷின்கள் நிறைய இருந்தது. ஆதரவு உள்ள சிஸ்டத்துக்கு 2019 ஜூனுக்குள்ள மாத்தணும் என்று 2018 ஜூன்ல ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஊர்ப் பணம் இருக்கிற பெட்டியாச்சே, மாத்தியது சரிதான்.

ஆனா இதுல இன்னொரு சங்கதி. வான்னாக்ரையில மாட்டினதுல பெரும்பாலானவை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அப்போ அதுக்கு ஆதரவு இருந்தது. 2 மாசத்துக்கு முன்னாடி, மார்ச் மாசமே பேட்சும் வந்தாச்சு. போடாம விட்டுட்டாங்க. புதுசா இருந்தாலும் கவனிக்க ஆள் இல்லைன்னா அதே கதிதான்.

வரப்போற புதுசுக்கும் ஒரு தேதி உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. நல்லா ஓடிக்கிட்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்கள், உள்ளே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால விண்டோஸ் 11-க்கு ஆகாதுன்னு ஒதுங்கிடுச்சு. தேதி முடிஞ்சதையெல்லாம் எடைக்குப் போட்டா, சில வருஷத்துக்கு ஒரு தடவை நாம இரும்புக் கடைக்கு நடந்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது பெட்டியைப் பத்தி. இனி சொல்லப்போறது உள்ளே இருக்கிறதைப் பத்தி. தயவுசெய்து இதை மட்டுமாவது முழுசா படிங்க.

அந்தக் கம்ப்யூட்டர்ல "சுவர் இதழ்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கு. நம்ம சுவர் இதழ் இப்போதான் கையெழுத்து. 2009-ல் இருந்து கொஞ்ச வருஷம் டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்காங்க. பிரிண்டர் கெட்டுப்போன பிறகு மறுபடி பேனாவுக்கு வந்தாச்சு. அப்போ ஒட்டின தாள் ஒண்ணுகூட இப்போ இல்லை. நம்ம ஊர் மழையும் ஈரமும் தெரிஞ்சதுதானே, பீரோவுக்குள்ள வச்ச தாளே பூஞ்சை பிடிச்சு ஒட்டிக்கிடும். ஆக, அந்த எழுத்தெல்லாம் இருக்கிற ஒரே இடம் அந்த டப்பாதான்.

போன மாசம் டீச்சர்கிட்ட கேட்டு அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு அக்கா, காட்டுப் பாதையில அட்டை கடிச்சா பிடிச்சு இழுக்கக் கூடாது, உப்பு போடணும்னு எழுதியிருக்காங்க. ஊத்துல இருந்து ஒரு அண்ணன், மழை நேரத்துல கூடை நனைஞ்சா எடையில தண்ணிக்கு எவ்வளவு கழிப்பாங்கன்னு கணக்காவே எழுதியிருக்கார். நாலுமுக்கு, காக்காச்சி, குதிரைவெட்டி என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் எழுதியிருக்காங்க. அதுல ஒரு பக்கம் எங்க அத்தை எட்டாம் வகுப்பு படிக்கும்போது எழுதினது. தலைப்பு, "எங்க லயன்ல வெயில் வந்த நாள்". எழுதினவங்களில் முக்கால்வாசிப் பேர் இப்போ மலையில இல்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி, திருப்பூர் என்று இறங்கிட்டாங்க. எங்க அத்தையும் திருப்பூர்லதான் இருக்காங்க.

அத்தைக்குக் காட்டலாம்னு அந்த ஃபைலை டீச்சர் லேப்டாப்புக்கு மாத்தினோம். திறந்தா ஒரு எழுத்துகூட தமிழ் இல்லை! "தமிழ்" என்ற சொல் இருந்த இடத்துல ஆங்கில எழுத்து ஜே, கே, பி, ஓ, பக்கத்துல ஒரு அரைப்புள்ளி. முதல்ல வைரஸ்னு பயந்துட்டேன். பிறகு டீச்சர் விளக்கினாங்க. அது பாமினி என்ற பழைய எழுத்துரு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துதான். அதுக்கு மேல தமிழ்ச் சட்டை மாட்டிவிடுற வேலையைத்தான் பாமினி செய்யும். பாமினி இல்லாத கம்ப்யூட்டர்ல சட்டை கழண்டுபோகும். இப்போ நாம போன்ல அடிக்கிறது யூனிகோடு தமிழ். அதுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். எந்த மெஷின்லயும் மாறாது.

யூனிகோடில் 1991-லேயே தமிழ் இருந்ததே, எக்ஸ்பியில ஏன் அதுல அடிக்கல? இதையும் கேட்டேன். எக்ஸ்பியில தமிழ் வசதி இருந்தது. லதா என்ற எழுத்துருவே அதோட வந்தது. ஆனா தானா வேலை செய்யாது. கன்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழிகள் பக்கத்துல, "சிக்கலான எழுத்துமுறை"களுக்கான ஃபைல்களை நிறுவு என்ற கட்டத்துல டிக் போடணும். போட்டா எக்ஸ்பி சிடியைக் கேக்கும். "கொ" என்ற எழுத்தைப் பாருங்க. கொம்பு முன்னாடி, கால் பின்னாடி, நடுவுல க. ஆங்கிலம் மாதிரி வரிசையா அடுக்கினா வராது. அதுக்குத் தனி ஏற்பாடு வேணும். அந்த ஏற்பாட்டைத்தான் டிக் போட்டு வாங்கணும். நம்ம கம்ப்யூட்டர் கீழே ஒரு அலுவலகத்துல புதுசு வாங்கினப்போ நமக்குக் கிடைச்சது. பெட்டி வந்தது, சிடி வரல. சிடி இல்லாததால டிக் இல்லை, டிக் இல்லாததால யூனிகோடு இல்லை, அதனாலதான் பாமினி. ஒரு சிடி இல்லாததால நம்ம அக்கா அண்ணன்மார் எழுதினது மத்த கம்ப்யூட்டருக்குப் புரியாத எழுத்தா நின்னுபோச்சு. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவுல இருந்து அந்த டிக் வேலையே இல்லை, தமிழ் தானா தெரியும்.

பாமினியை யூனிகோடா மாத்துற மென்பொருள் இருக்கு. ஆனா மாத்தின பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து சரிபார்க்கணும். சரிபார்க்கணும்னா மூலம் பக்கத்துல தெரியணும். அது ஒழுங்கா தெரியுற ஒரே திரை இப்போ அந்த எக்ஸ்பி திரைதான். அதைத்தான் எடைக்குப் போடப் பார்க்கிறோம்.

சிலர் சொல்லலாம், "பரீட்சைக்கு இதெல்லாம் வரவா போவுது? புதுசுல படிக்கப் பாருங்க" என்று. நியாயம்தான். புது கம்ப்யூட்டர் கட்டாயம் வேணும். அதுல கீழே உள்ள பிள்ளைகளுக்கு நாம குறைஞ்சவங்க இல்லை. பழசு மெதுவா ஓடுது, கரண்ட் ஜாஸ்தி இழுக்குது, அதுவும் உண்மை. ஆனா புதுசை ஒன்பதாம், எட்டாம் வகுப்புக்காரங்க பிடிச்சுக்கிட்டா, சின்னப் பிள்ளைங்க எதுல மவுஸ் பிடிச்சுப் பழகுவாங்க? பெயின்ட்ல படம் வரைய, டைப் பழக, உள்ளே திறந்து ரேம் எது, ஹார்ட் டிஸ்க் எதுன்னு தொட்டுப் பார்க்க பழசே போதும். புதுசைத் திறக்க யாரும் விடமாட்டாங்க!

எக்ஸ்பிக்குப் பதிலா லினக்ஸ் போடலாமே என்றும் கேட்கலாம். நல்ல யோசனை. லினக்ஸுக்குக் காசு கிடையாது, யாரும் எடுத்து மாத்திக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல அரசுப் பள்ளிகள் பல வருஷமா லினக்ஸ்லதான் பாடம் நடத்துது. 2019-ல் பள்ளிக்கூடங்களுக்குன்னே ஒரு லினக்ஸை அவங்க அரசு நிறுவனமே தயார் பண்ணிக் கொடுத்தது. நம்ம சென்னையில சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கு. ஆனா புது லினக்ஸ் பலதும் நம்ம பெட்டி மாதிரி 32 பிட் கம்ப்யூட்டரை விட்டுட்டு வருது. 2025-ல் வந்த டெபியன் 13-ஐ அதுல நேரடியா நிறுவ முடியாது. பப்பி லினக்ஸ் மாதிரி சின்னதா ஏதாவது பார்க்கணும். எதுவானாலும், ஃபைல்களைக் காப்பாத்தின பிறகுதான் அதைத் தொடணும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான்:

1. அந்த ஃபோல்டரை முதல்ல இரண்டு இடத்துல காப்பி எடுக்கணும். இன்டர்நெட் இல்லாட்டியும் பென் டிரைவ் வழியா வைரஸ் வரும். 2008-ல் கிளம்பின கான்ஃபிக்கர் பென் டிரைவ் வழியாவும் பரவிச்சு. அதனால இதுக்குன்னு ஒரு பென் டிரைவ், அதுவும் புதுசுல சோதிச்ச பிறகு.

2. பாமினியில இருக்கிற எல்லாத்தையும் யூனிகோடா மாத்தி, சரிபார்த்து, பிரிண்ட் எடுத்து ஒரு புத்தகமா தைக்கணும். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நான் உட்காரத் தயார். இன்னும் இரண்டு பேர் வந்தா இந்தப் பருவத்துக்குள்ள முடிச்சிடலாம்.

3. எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வேண்டாம். தேதி மட்டும் தினமும் 2002 ஜனவரி 1-க்குப் போயிடுது. அதுக்கு உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரியை மாத்தினா போதும், பெரிய செலவு இல்லை.

4. என்னிக்காவது அது நிஜமாவே ஓடாம போனா, அப்பவும் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. பழைய மானிட்டர் கண்ணாடியில ஈயம் இருக்கு. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்தான் இதைக் கையாளணும். புலிக் காட்டுல இருந்துக்கிட்டு, மணிமுத்தாறு தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, நாமளே ஈயத்தை உடைச்சுப் போடலாமா?

நேத்து சாயங்காலம் அத்தைக்கு போன் பண்ணினேன். மொபைல்ல எக்ஸ்பி திரையை போட்டோ எடுத்து வச்சிருந்தேன். அதைப் பார்த்து அவங்க பக்கத்தை வாசிச்சுக் காட்டினேன். 5-ஆம் வரியில ஒரு எழுத்துப் பிழை. அத்தை சிரிச்சுட்டாங்க. "அதைத் திருத்திறாதட்டி, அப்படியே இருக்கட்டும்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பெட்டி இன்னும் ஓடுதா?" என்று கேட்டாங்க. ஓடுதுன்னு சொன்னேன்.

அடுத்த மாசமும் அப்படியே சொல்ல ஆசைப்படுறேன். பெரியவங்க யோசிச்சு நல்ல முடிவு எடுக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். சரிபார்க்க வர்றவங்க இந்தத் தாளுக்குக் கீழே பென்சில்ல பேர் எழுதி வைங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மாஞ்சோலை.